நாரத்தங்காய் ஜாடியும் நாற்பத்து நான்கு கிலோமீட்டரும்

டிசம்பர் 24, காலை 7.40, கடலூர்

மாமியார் வீட்டிலிருந்து பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சிதம்பரத்தில் கூடப் படித்த நண்பன் ஒருவன் இருக்கிறான், பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிறேன் என்பது பொய். பலகாரத்துக்கு முந்திரி உடைத்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்து, "மழ வர்ற மாதிரி இருக்கு மாப்ள, கொடைய எடுத்துட்டுப் போங்க" என்றார். வாசல்வரை வந்த என் மனைவி ஷீலா குரலைத் தாழ்த்தி, "ஒயினோட வாங்க. வெறுங்கையோட வந்து நிக்காதீங்க" என்றாள். குடையை எடுக்க மறந்துவிட்டேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையம் இரண்டு கிலோமீட்டர்தான். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கேட்டார். பேரம் பேசும் நிலையில் நான் இல்லை. கெடிலம் பாலத்தின் மேல் போகும்போது கிழக்கே வானம் கரியாக இருந்தது. துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியிருப்பதாக ஓட்டுநர் சொன்னார்.

"புயல் வருமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணாம் நம்பருக்கெல்லாம் யாரு சார் பயப்படறது? அஞ்சுக்கு மேல போச்சுன்னா சொல்லுங்க, யோசிப்போம்" என்று சிரித்தார். கடலூர்க்காரர்கள் அப்படித்தான். எனக்குள் மட்டும் காலையிலிருந்தே ஏழாம் எண் கூண்டு ஏறியிருந்தது.

காலை 8.15

சிதம்பரம் பேருந்து. நாற்பத்து நான்கு கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. எதற்காகப் போகிறேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் பதற்றம் உங்களுக்குப் புரியாது.

நான் பெங்களூருக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். அங்கேயே ஒயின் தயாரிக்கிறார்கள். வருகிற விருந்தாளிகளுக்குக் கிளாஸை எப்படிப் பிடிப்பது, எப்படிச் சுழற்றி முகர்வது, வாயில் எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று சொல்லிக்கொடுப்பது என் உத்தியோகம். சேத்தியாத்தோப்பில் விவசாயம் பார்க்கும் என் அப்பா ஊரில் கேட்பவர்களிடம், பையன் பழச்சாறு கம்பெனியில் இருக்கிறான் என்று சொல்லிவைத்திருக்கிறார். அதிலும் பொய் என்று எதுவும் இல்லைதான்.

ஷீலாவின் வீட்டில் நிலைமை வேறு. கிறிஸ்தவக் குடும்பம். நவம்பர் பிறந்ததும் அத்தை பன்னீர் திராட்சை ஐந்து கிலோ வாங்கிக் காம்பு கிள்ளி, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, கிராம்பு, பட்டை எல்லாம் போட்டு, பெரிய பீங்கான் ஜாடியில் ஊறவைத்து, வாயைத் துணியால் கட்டிவிடுவார். தினமும் காலையில் ஜெபம் முடித்த கையோடு மரக்கரண்டியால் ஒரு கிளறு. கிறிஸ்துமஸ் அன்று சர்ச்சிலிருந்து வந்ததும் முதல் கிளாஸ் மாமாவுக்கு. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆச்சு" என்பார். அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகுதான் கேக்கை வெட்டலாம், பிள்ளைகள் பலகாரத் தட்டில் கை வைக்கலாம். முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் அந்தச் சொல்லில்தான் தொடங்கியிருக்கிறது.

போன வருடம் நான் அந்த வீட்டு மாப்பிள்ளையாக முதல் கிறிஸ்துமஸ். எங்கள் கல்யாணத்துக்கு அவர்கள் சம்மதிக்கவே இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாமா "ஆச்சு" சொன்ன பிறகு அத்தை எனக்கும் ஒரு கிளாஸ் கொடுத்து, "நீங்க இதுல வேல பாக்கறவரு. எப்படி இருக்குன்னு சொல்லுங்க மாப்ள" என்றார். அந்தக் கேள்விக்கு "நல்லா இருக்கு அத்தை" என்பது மட்டுமே பதில் என்று எந்த மடையனுக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. கிளாஸைச் சுழற்றினேன். முகர்ந்தேன். வாயில் வைத்துக் கண்ணை மூடினேன். பிறகு, கூடியிருந்த பதினோரு பேருக்கு முன்னால், பழத்தின் வாசனை நன்றாக இருக்கிறது, ஆனால் அடியில் ஒரு ஊறுகாய் வாடை வருகிறது, கொஞ்சம் உப்பும் தட்டுகிறது, ஜாடி பழைய ஊறுகாய் ஜாடியாக இருக்கும், மேல்பூச்சில் கீறல் விழுந்திருந்தால் வாடை உள்ளே இறங்கிவிடும், கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டால் சுத்தமாக வரும் என்று ஐந்து நிமிடம் பேசினேன். பேசி முடித்தபோது யாரும் சாப்பிடவில்லை. நான் உதவி செய்துவிட்ட திருப்தியில் இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கேக்கை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சொன்னதோடு விடவில்லை. செப்டம்பரில் பெரிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றும், ஒயினுக்கென்றே விற்கிற ஈஸ்ட் பொட்டலம் ஒன்றும் பார்சலில் அனுப்பிவைத்தேன். அத்தை ஜாடியைச் சிதம்பரத்தில் இருக்கும் தங்கை ரோஸ்லினிடம் கொடுத்துவிட்டு, நான் அனுப்பியதை வைத்து, நான் எழுதிக்கொடுத்த முறைப்படியே ஒயின் போட்டார். எட்டு பாட்டில் வந்தது. முந்தாநாள் நாங்கள் வந்து இறங்கிய மாலை, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க மாமாவிடம் ஒரு கிளாஸ் கொடுத்தார். ஆகஸ்டில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியதிலிருந்து மாமாவுக்குச் சாப்பாடே இறங்குவதில்லை. எதைக் கொடுத்தாலும் பாதியில் தட்டைத் தள்ளிவிடுகிறார். இதையாவது ஆசையாகக் குடிப்பார் என்று எல்லோரும் சுற்றி நின்றோம். ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கிளாஸை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டார்.

அத்தை அந்தக் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார். "இந்த வருஷம் ஒயின் வேணாம். இனிமே போடவும் வேணாம். எட்டையும் சாக்கடயில ஊத்திடறேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ரோஸ்லின் சித்தி அந்த ஜாடியில் கட்டாயம் ஒயின் போட்டிருப்பாள், இரண்டு பாட்டில் வாங்கி வந்தால் போதும் என்பது ஷீலாவின் திட்டம். போன் பண்ணிக் கேட்கலாம்தான். ஆனால் சித்தி வாயில் எதுவும் தங்காது, அடுத்த நிமிடமே அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாள், அம்மா இன்னும் நொந்துபோவாள் என்று நேரில் அனுப்பிவைத்தாள். "உங்க வாயால போனது. நீங்கதான் கொண்டு வரணும்" என்றாள். நியாயம்தான்.

காலை 8.50

முதுநகர் தாண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் பேருந்து நுழைந்ததும் மூக்கில் ஏறிய மருந்து வாடையில் எனக்குத் தும்மல் வந்தது. ஜன்னலை இறக்கினேன். பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் விரலால் தட்டி, "காத்து வரட்டும் தம்பி, ஏன் சாத்தறீங்க?" என்றார்.

"வாடை அடிக்குதே" என்றேன்.

"என்ன வாட?" என்று அவர் காற்றை முகர்ந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே. நான் இங்கதான் இருக்கேன், இருவது வருஷமா."

ஜன்னலைத் திறந்துவிட்டேன். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, போன வருடம் நான் பேசியதை வார்த்தை வார்த்தையாக மறுபடி நினைத்துப் பார்த்தேன். அதுதான் என் குணம். நடந்து முடிந்த கேவலத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம். வயல்களில் தண்ணீர் தளும்பி நின்றது. பி.முட்லூரில் பரங்கிப்பேட்டைக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் தூறல் ஆரம்பித்தது. இதே ஆறுதான் எங்கள் சேத்தியாத்தோப்பு வழியாகவும் வருகிறது. அங்கே பார்த்தால் வீட்டு நினைப்பு வரும். இன்றைக்கு, சாயங்காலத்துக்குள் இதைத் தாண்டித் திரும்ப முடியுமா என்ற கணக்குத்தான் வந்தது.

காலை 9.45, சிதம்பரம்

பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு கடையில் இட்லி, கொத்சு. இரண்டு இட்லி முப்பது ரூபாய். கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைந்த அந்தக் கொத்சு எனக்குப் புளிப்பு தூக்கலாக இருந்தது. தட்டைப் பாதியில் வைத்தபோது மாமாவின் ஞாபகம் வந்து, மிச்சத்தையும் விழுங்கினேன்.

மார்கழிக் கூட்டம் கோயிலைச் சுற்றி நெரிந்தது. வீதிகளில் புகாமல் சுற்றுவழியில் போகும்படி ஆட்டோக்காரரிடம் சொன்னேன். நூறு ரூபாய். அவர் நல்ல பேச்சுக்காரர். கொத்சு எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, நான் கடையைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அங்க போயி யாராச்சும் கொத்சு சாப்புடுவாங்களா சார்?"

"எங்கே நல்லா இருக்கும்?"

"எங்க வூட்ல" என்றார் யோசிக்காமல். "எங்க வூட்டுக்காரம்மா வெல்லம் கொஞ்சம் ஜாஸ்தி போடும். வேற எவன் சாப்புட்டாலும் நல்லால்லன்னுதான் சொல்லுவான்."

சிரிக்க வேண்டிய இடம். என்னால் முடியவில்லை.

காலை 10.30

அண்ணாமலை நகர் பக்கம் சின்ன அத்தையின் வீடு. ரோஸ்லின் சின்ன அத்தை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கல்கல், அச்சுமுறுக்கு எல்லாம் எடுத்து வைத்தார். வாயில் கல்கல்லோடு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"ஒயினா? ஐயோ மாப்ள, நான் எங்க ஒயின் போட்டேன்? யாரு குடிக்கிறது இங்க? அக்கா ஜாடியக் குடுத்துச்சு, நல்ல ஜாடியாச்சே, சும்மா எதுக்கு வெக்கணும்னு நாரத்தங்கா போட்டுட்டேன்."

சமையலறை மூலையில் இருந்தது. மேலே பழுப்பு, கீழே வெள்ளை, பத்து லிட்டர் பிடிக்கும் ஜாடி. மூடியைத் திறந்தார். சுருள் சுருளாக நறுக்கி உப்பில் அடுக்கிய நாரத்தங்காய், விளிம்புவரை. மூக்கில் அந்த வாசனை ஏறியது. அதே வாடை. போன வருடம் நான் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்த அதே வாடை, கூட்டிப் பெருக்கியது போல ஜாடி நிறைய.

"இதில் முன்னாடியும் நாரத்தங்காய்தானா?" என்றேன்.

"எங்க அம்மா காலத்துலேர்ந்து இதுலதான் போடுவோம். அக்கா கல்யாணம் ஆகிப் போறப்போ எடுத்துட்டுப் போயி ஒயின் ஜாடியா மாத்திடுச்சு. தேய் தேய்னு தேய்க்கும். வாட போவாதே!"

ஷீலாவுக்குப் போன் செய்தேன். ஒயின் இல்லை என்றேன். "அப்பா காலைல அர இட்லிதான் சாப்ட்டாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போனை வைத்த பிறகு நான் அந்த ஜாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒயின்தான் இல்லை. வாடை இருக்கிறதே. இன்னும் சாக்கடைக்குப் போகாத எட்டு பாட்டில் சுத்தமான ஒயின் கடலூரில் இருக்கிறது. நாளைக் காலைவரை நேரமும் இருக்கிறது.

"சின்ன அத்தை, இந்த ஊறுகாயை வேறெதிலாவது மாற்றித் தர முடியுமா? ஜாடி வேணும்."

"போட்டு பதினஞ்சு நாள்தான் ஆவுது மாப்ள, கலைக்கக் கூடாதே" என்று முனகினார். ஆனாலும் எழுந்து இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்து வந்தார். காய்களை மாற்றி முடித்து, ஜாடியைக் குழாயடிக்குத் தூக்கியபோது நான் பாய்ந்து தடுத்தேன்.

"கழுவாதீங்க!"

"கழுவாமலா? உப்பு ஒட்டிக்கிட்டு இருக்கே!"

"துணியால் துடைத்தால் போதும். கழுவ வேண்டாம். தயவுசெய்து."

எத்தனை பேருக்கு நான் பாத்திரச் சுத்தம் பற்றி வகுப்பெடுத்திருக்கிறேன். ஒரு துளி அழுக்கு இருந்தாலும் ஒயின் கெட்டுவிடும் என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறேன். என் மேலாளர் அந்த நிமிடத்தில் என்னைப் பார்த்திருந்தால் வேலை போயிருக்கும்.

மதியம் 12.10

திரும்பும் பேருந்து. மழை வலுத்துவிட்டது. ஜாடியைச் சின்ன அத்தையின் பழைய புடவையில் சுற்றி, மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நடத்துநர் வந்தார்.

"உள்ள என்ன சார்?"

"காலி ஜாடி."

"காலி ஜாடியவா கொழந்த மாதிரி கட்டிப் புடிச்சிக்கினு இருக்கீங்க?" என்று சந்தேகமாகக் குனிந்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது. "நாரத்தங்கா!" என்று சொல்லி, சுமைக்குத் தனி டிக்கெட் கேட்காமல் போய்விட்டார்.

பி.முட்லூரில் ஏறிய ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். பரங்கிப்பேட்டைக்காரர், மகளின் பிரசவத்துக்குக் கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறாராம். அவரும் பதற்றத்தில்தான் இருந்தார், என்னைவிட நல்ல காரணத்தோடு. சிறிது நேரம் கழித்து, "நல்ல வாசன வருது தம்பி. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடல, இப்பத்தான் பசிக்குது" என்றார். பையில் சின்ன அத்தை கட்டிக்கொடுத்த கல்கல் இருந்தது, கொடுத்தேன். நான் வாடை என்பதை அவர் வாசனை என்றது மனதில் நின்றது.

புதுச்சத்திரத்துக்கு முன்னால் பேருந்து திடீரென்று பிரேக் போட்டது. சாலையில் ஒரு வாகை மரம் சாய்ந்து கிடந்தது. நான் முன் இருக்கையில் முட்டிக்கொண்டேன். ஜாடியை விடவில்லை. ஆனால் மூடி புடவைக்குள்ளிருந்து வழுக்கி, இருக்கைகளுக்கு அடியில் உருண்டுபோய் எங்கோ இடித்து உடைந்தது. ஜாடியை நாலு பக்கமும் தடவித் தடவிப் பார்த்தேன். கீறல் இருந்தது, பழைய கீறல்தான். பக்கத்து அம்மா மூடித் துண்டுகளைப் பொறுக்கி, பேப்பரில் மடித்து என் பையில் வைத்தார்.

மரத்தை வெட்டி நகர்த்த ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல ஒயின் எது என்று விருந்தாளிகள் கேட்டால் என்னிடம் தயாராகப் பதில் உண்டு. இனிப்பும் புளிப்பும் துவர்ப்பும் ஒன்றை ஒன்று மிதிக்காமல் நிற்க வேண்டும், பழம் தெரிய வேண்டும், விழுங்கிய பிறகும் ருசி கொஞ்ச நேரம் நாக்கில் தங்க வேண்டும், வேண்டாத வாடை இருக்கக் கூடாது என்பேன். இதெல்லாம் இப்போதும் உண்மைதான். காடியாகிப்போன ஒயினை உலகத்தில் எந்த நாக்கும் கொண்டாடாது. ஆனால் வேண்டாத வாடை என்கிறேனே, யாருக்கு வேண்டாதது? முப்பது வருடம் ஒருவர் காத்திருந்து குடித்த ருசியில், எது பழம், எது ஜாடி என்று பிரிக்க நான் யார்? பிரிக்கத் தெரிவது என் பிழைப்பு. அதைப் பிரித்துத் தூர எறியச் சொன்னது என் திமிர். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது. இந்த வைத்தியமும் பலிக்காவிட்டால் நாளைக் காலையில் எந்த முகத்தோடு அந்தக் கூடத்தில் நிற்பேன்?

மாலை 3.30, கடலூர்

நனைந்துபோய், ஜாடியோடு வாசலில் நின்றேன். அத்தை கதவைத் திறந்தார். நண்பனைப் பார்க்கப் போனவன் கையில் தன் ஜாடி இருப்பதைப் பார்த்தார்.

"மன்னிச்சிடுங்க அத்தை. போன வருஷம் நான் பேசினது தப்பு" என்றேன்.

அவர் ஜாடியை வாங்கி, வாய்க்குள் முகத்தை விட்டு முகர்ந்தார். "நாரத்தங்கா போட்டுட்டாளா அவ? மூடி எங்க?" என்றார். பேப்பர் பொட்டலத்தை நீட்டினேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "தட்டு போட்டு மூடிக்கலாம்" என்று உள்ளே போனார். அவர் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. மூடிக்காக இல்லை என்று நினைக்கிறேன்.

பின்னாலேயே போய் என் திட்டத்தைச் சொன்னேன். ஒரே ஒரு தண்ணீர் அலசல். மூன்று பாட்டில் ஒயினை ஜாடியில் சாய்த்தார். தட்டைப் போட்டு மூடி, துணியைக் கட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாப்ள, உண்மையச் சொல்றேன். நீங்க சொன்ன அந்த வாட எனக்கு இதுவரைக்கும் ஒயின்ல தெரிஞ்சதே இல்ல. இப்ப ஜாடில தெரியுது, ஆனா ஒயின்ல வந்தா எனக்குப் பிடிபடாது. இந்த வூட்லயே உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். நீங்கதான் குடிச்சுப் பாத்து சொல்லணும், வந்துடுச்சா இல்லியான்னு."

எத்தனையோ முறை ஒயினில் குற்றம் இருக்கிறதா என்று சோதித்திருக்கிறேன். குற்றம் வந்து சேர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு சோதித்தது அன்றைக்குத்தான். ஐந்தரை மணிக்கு ஒரு கரண்டி. இல்லை, வெறும் பழம்தான். ஏழு மணிக்கு ஒரு கரண்டி. லேசாக உப்பு, வாசனை இல்லை. ஒவ்வொரு முறையும் அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்று நான் தலையாட்டினால் அவர் முகம் வாடியது. ஷீலா சமையலறை வாசலில் நகம் கடித்தாள். உள்ளறையில் மாமா இரவுச் சாப்பாடாகக் கஞ்சியைப் பாதி குடித்துவிட்டு வைத்த சத்தம் கேட்டது. எட்டரை மணிக்குப் பழத்துக்கு அடியில், மிகத் தொலைவில், தோலின் கசப்பு போல ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. அதுதானா, என் ஆசையா என்று எனக்கே நிச்சயமில்லை.

"காலைல பாக்கலாம் அத்தை" என்றேன்.

டிசம்பர் 25, காலை 4.00

சர்ச்சுக்குக் கிளம்பும் முன் அத்தை கரண்டியோடு வந்து நின்றார். பட்டுப்புடவை, தலையில் மல்லி. வாயில் வைத்தேன். கண்ணை மூடவே வேண்டியிருக்கவில்லை.

"வந்துடுச்சு" என்றேன்.

"நெஜமாவா? எனக்காகச் சொல்லாதீங்க."

"ஊறுகாய் வாடை. நல்லாவே அடிக்குது அத்தை."

"ஸ்தோத்திரம்" என்றார் அத்தை.

ஆராதனை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பினோம். கூடத்தில் உறவுகள் எல்லாம். போன வருடம் என் பேச்சைக் கேட்டவர்களில் ஒருவர் பாக்கியில்லை. மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். புதுச் சட்டை தோளில் தொங்கியது, அவ்வளவு இளைத்திருந்தார். அத்தை கிளாஸைக் கொடுத்தார். மாமா அதை வாங்கி, நாங்கள் வந்து இறங்கிய மாலையின் நினைவில் ஒரு கணம் தயங்கியது எனக்குத் தெரிந்தது.

ஒரு வாய் குடித்தார். கிளாஸைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு மெதுவாக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் முழுவதையும் குடித்து முடித்தார்.

"ஆச்சு" என்றார்.

பிள்ளைகள் கேக்கை நோக்கிப் பாய்ந்தார்கள். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தியைத் தேடினார். மாமா ஒரு துண்டு கேக்கை முழுதாகச் சாப்பிட்டார். எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது. என் தொழிலில் இதற்கு நான் போடும் மதிப்பெண்ணைச் சொன்னால் இந்த வீட்டில் யாரும் என்னோடு பேச மாட்டார்கள். எப்படி இருக்கிறது என்று யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

டிசம்பர் 27, காலை 9.00

பெங்களூருக்குப் பேருந்து. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், எட்டு மணி நேரம். கிளம்பும்போது அத்தை ஒரு பாட்டிலைத் துணியில் சுற்றி என் பையில் வைத்தார். ஜாடியில் ஊற்றாமல் மிச்சமிருந்த ஐந்து பாட்டிலில் ஒன்று.

"இது நீங்க சொன்னபடி சுத்தமா செஞ்சது மாப்ள. இங்க இதக் குடிக்க ஆள் இல்ல. உங்க வாய்க்கு இதான் சரி" என்றார்.

அன்பாகச் சொன்னாரா, குத்திக்காட்டினாரா என்று விழுப்புரம்வரை யோசித்தேன். இரண்டும் இருக்கும். வீட்டில் போட்ட ஒயினை இப்படிப் பையில் வைத்துக்கொண்டு மாநில எல்லை தாண்டலாமா என்ற கவலை மிச்ச வழி முழுவதும். யாரும் பையைத் திறக்கச் சொல்லவில்லை.

ஜனவரி முதல் ஞாயிறு, பெங்களூர்

நல்ல கண்ணாடிக் கிளாஸ் எடுத்து ஊற்றினேன். தெளிவான நிறம். பழத்தின் வாசனை நேராக வந்தது. இனிப்பு அளவாக, புளிப்பு அளவாக, கிராம்பு தொலைவில். ஒரு குற்றம் சொல்ல முடியாது. எங்கள் தோட்டத்தில் இதைப் பெயர் சொல்லாமல் வைத்தால் நானே நல்ல மதிப்பெண் போடுவேன். விழுங்கிவிட்டுக் காத்திருந்தேன். எதற்காகக் காத்திருக்கிறேன் என்று முதலில் புரியவில்லை. அடியிலிருந்து ஏதோ வர வேண்டும் என்று என் நாக்கு எதிர்பார்த்தது. இன்னொரு வாய் குடித்தேன். வரவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் ஷீலா.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கிளாஸை ஜன்னல் மேடையில் வைத்தேன்.